யாருக்கு விரதம்? யாருக்குப் பட்டினி?

“ஒரு நாள், ஒரே ஒரு நாள், கம்ப்யூட்டரைத் தொடாமல் இருந்து பாருங்கள். கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். மனதுக்கு அமைதி கிடைக்கும். குடும்பத்தில் குதூகலம் பிறக்கும்.” இப்படி ஓர் உபதேசம் நாட்டில் நடக்கிறது. பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். மேடைகளில் பேசுகிறார்கள். கம்ப்யூட்டரும் கைப்பேசியும் இல்லாமல் இரண்டு நாள் தங்குவதற்கென்றே மலைப் பிரதேசங்களில் விடுதி நடத்திப் பணம் வாங்குகிறார்கள்.

உபதேசம் புதிதல்ல. 2007-ஆம் ஆண்டிலேயே கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரத்திலிருந்து சிலர் இந்த அழைப்பை விடுத்தார்கள். மார்ச் 24-ந் தேதியைக் குறித்து, அன்று 24 மணி நேரம் கம்ப்யூட்டர் இல்லாமல் உங்களால் இருக்க முடியுமா என்று உலகத்தைக் கேட்டார்கள்.

ஓய்வு கேட்பதில் தவறில்லை. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்திலே மோஹித்யாஞ்சே வட்காவ் என்றொரு கிராமம் இருக்கிறது. 2022-இல் அந்த ஊர் மக்கள் கூடி ஒரு முடிவு செய்தார்கள். இரவு 7 மணிக்குச் சங்கு ஊதும்; ஒன்றரை மணி நேரம் டெலிவிஷனையும் கைப்பேசியையும் மூடிவிட வேண்டும்; பிள்ளைகள் படிக்க வேண்டும். ஊரே சேர்ந்து செய்த நல்ல காரியம். அதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால், தோழர்களே, அந்தக் கேள்வியை உங்களிடம் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? “எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாதே! நாங்கள் எந்த நாளும் அதைத் தொட்டதில்லையே!” என்பீர்கள். உண்மை. நீங்கள் அதைத் தொடவில்லை. அது உங்களைத் தொடாமல் இருக்கிறதா? அதுதான் விஷயம்.

வயற்காட்டில் ஒரு நாள்

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அது. வேலை கேட்டால் 15 நாளுக்குள் வேலை கொடு, வேலை செய்தால் 15 நாளுக்குள் கூலி கொடு என்று அந்தச் சட்டம் சொன்னது. வேலைக்கு வந்தவர் பெயரை மஸ்டர் ரோலில் எழுதினார்கள். பெயருக்கு எதிரே கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். எழுதியது தவறானால் அங்கேயே நின்று சண்டை போட முடிந்தது. ஏனென்றால் எழுதியவர் எதிரே நின்றார்.

2021 மே மாதத்தில் கைப்பேசியில் ஓர் ஆப் கொண்டுவந்தார்கள். 2022 மே 16 முதல் 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் அது கட்டாயம் என்றார்கள். 2023 ஜனவரி முதல், தனிநபர் பயன்பெறும் வேலைகள் நீங்கலாக, எல்லா இடத்திலும் கட்டாயம் என்றார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை தொழிலாளர்களை நிற்க வைத்துப் படம் எடுக்க வேண்டும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எடுத்த படம் என்பதும் அதோடு போக வேண்டும். படம் போய்ச் சேர்ந்தால்தான் வருகை. வருகை விழுந்தால்தான் கூலி.

ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்கவில்லை என்றால்? கைப்பேசியில் சார்ஜ் இறங்கிவிட்டால்? பொறுப்பாளரின் கைப்பேசி பழசு, ஆப் திறக்கவே மாட்டேன் என்கிறது என்றால்? காலையில் வந்த பெண், கொடுத்த அளவு மண்ணை வெட்டி முடித்துவிட்டாள். ஆனால் மதியப் படத்துக்காக வெயிலில் காத்துக் கிடக்க வேண்டும். படம் போகாவிட்டால் வெட்டிய மண் வெட்டியது அல்ல. சுமந்த சட்டி சுமந்தது அல்ல. மண் அங்கே கரையாக நிற்கிறது. ஊரே பார்க்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் பார்க்கவில்லை. ஆகவே கூலி இல்லை!

அதோடு விட்டார்களா? 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாக மட்டுமே கூலி என்று கட்டாயமாக்கினார்கள். அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஓர் எழுத்து மாறிய பெயர். “முனியம்மா” ஓரிடத்தில் “முனியம்மாள்” ஆகிவிட்டால், உழைத்தவள் ஒருத்தி, கூலிக்கு உரியவள் வேறொருத்தி என்று மெஷின் தீர்மானிக்கிறது. அந்த ஒற்றை எழுத்தைத் திருத்த அவள் எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டும்?

இதை எதிர்த்து 2023 பிப்ரவரியில் டில்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர்கள் 100 நாள் போராட்டம் தொடங்கினார்கள். பதில் என்ன? 2025 டிசம்பரில் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டத்தையே நிறைவேற்றினார்கள். நூறு நாள் இனி 125 நாள் என்று பெருமை பேசினார்கள். ஆனால் உடல் அடையாளச் சோதனையையும் கைப்பேசிக் கண்காணிப்பையும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்துக்கொண்டார்கள். நாளைக் கூட்டினோம் என்று ஒரு கையால் காட்டுவது. அந்த நாளைக் கணக்கில் ஏற்றும் பூட்டை மறு கையால் இறுக்குவது!

ரேஷன் கடை வாசலில்

தமிழ்நாட்டில் 2017-இல் மின்னணு ரேஷன் அட்டை வந்தது. 2020-இல் கைரேகைக் கருவி வந்தது. கட்டைவிரலை வை, பச்சை விளக்கு எரிந்தால் அரிசி.

யாருடைய விரல் அந்தக் கருவிக்குப் பிடிப்பதில்லை? களை பறித்த விரல், செங்கல் அறுத்த விரல், நூல் ஓடி ஓடித் தேய்ந்த விரல், வயதான கிழவியின் விரல். உழைக்காதவன் விரலில் ரேகை பளிச்சென்று இருக்கிறது. நாற்பது வருஷம் உழைத்தவன் விரலைப் பார்த்து “நீ யார்?” என்று மெஷின் கேட்கிறது. இந்த விரல் தேய்ந்ததால்தானே நாடு தின்கிறது, உடுத்துகிறது!

இது நம் கற்பனை என்று யாரும் சொல்ல வேண்டாம். இந்திய சர்க்காரின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே அடையாளச் சோதனை தோற்றுப்போகும் கணக்கைச் சொன்னது. ஜார்க்கண்டில் நூற்றுக்கு 49, ராஜஸ்தானில் நூற்றுக்கு 37 என்று மதிப்பீடுகள் இருப்பதாக எழுதியது. தெரிந்தேதான் மேலே போனார்கள்.

2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்த வீட்டு ரேஷன் அட்டையை ரத்து செய்திருந்தார்கள். பசியால் செத்தாள் என்று தாய் அழுதாள். காய்ச்சலால் செத்தாள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். காய்ச்சலென்றே வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுக்கு ஏன் அரிசி போகவில்லை? இந்தக் கேள்விக்குக் காய்ச்சல் பதிலாகுமா?

ஆலைக்குள்ளே

ஆலைத் தோழர்களுக்கு இது தெரியாததல்ல. கேட்டில் விரல் வைத்தால்தான் ஷிப்ட். உள்ளே போனால், புதிய ரிங் பிரேம்களில் ஒவ்வொரு கதிரையும் கண்காணிக்கும் கருவிகள் வந்துவிட்டன. எந்தக் கதிரில் எத்தனை முறை இழை அறுந்தது, எத்தனை நேரம் சும்மா கிடந்தது எல்லாம் மேனேஜர் அறைத் திரையில் தெரிகிறது. சைடர் தண்ணீர் குடிக்கப் போன நேரம் அதில் தெரியும். மட்டமான பஞ்சைப் போட்டதால்தான் இழை அறுந்தது என்பது தெரியுமா? இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டியதால்தான் அறுந்தது என்பதை அந்தத் திரை சொல்லுமா? சொன்னாலும் அந்தத் திரையை நமக்குக் காட்டுகிறார்களா?

இது கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அமேசான் கம்பெனியின் பால்டிமோர் நகரக் கிடங்கில், 2017 ஆகஸ்டிலிருந்து 2018 செப்டம்பர் வரை, வேகம் போதவில்லை என்று சுமார் 300 பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஒவ்வொருவர் வேகத்தையும் கம்ப்யூட்டர் கணக்கெடுத்தது. சும்மா இருந்த நிமிஷங்களைக் கூட்டியது. எச்சரிக்கைக் கடிதத்தையும் வேலைநீக்கக் கடிதத்தையும் தானாகவே தயாரித்தது. மேலதிகாரி நினைத்தால் தடுக்கலாமாம்! முன்பெல்லாம் வேலையை விட்டு நிறுத்தும் முதலாளியின் முகத்தையாவது பார்க்க முடிந்தது.

“கள்ளக் கணக்கை ஒழிக்கிறோம்!”

இதற்கெல்லாம் அவர்கள் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். “மஸ்டர் ரோலில் கள்ளப் பெயர் எழுதித் திருடினார்கள். அதை ஒழிக்கத்தான் கம்ப்யூட்டர்” என்கிறார்கள்.

திருட்டு நடந்தது உண்மை. யார் திருடினார்கள்? மண் வெட்டியவளா? அவள் பெயருக்குக் கீழே பத்துக் கள்ளப் பெயரை எழுதியவன் காண்ட்ராக்டர், உடன்பட்டவன் அதிகாரி. திருடியவனை விட்டுவிட்டுத் திருட்டுக் கொடுத்தவளைப் படம் பிடிப்பது என்ன நியாயம்?

சரி, படம் பிடித்தார்களே, திருட்டு ஒழிந்ததா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஆளைப் படம் எடுக்காமல், எடுத்த படத்தையே மறுபடி படம் எடுத்து அனுப்புகிறார்கள். வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படங்களை அனுப்புகிறார்கள். படத்தில் இருக்கும் தலைக்கும் கணக்கில் இருக்கும் பெயருக்கும் பொருத்தமில்லை என்று அதில் ஒப்புக்கொண்டது. பரிகாரம் என்ன சொன்னது தெரியுமா? ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டுமாம்! நாலு வருஷம் சுற்றி வந்து, கடைசியில் மனிதன் கண்ணால் பார்த்தால்தான் நிஜம் என்று வந்து நின்றார்கள். திருடன் கம்ப்யூட்டரை இரண்டே நாளில் கற்றுக்கொண்டான். கூலி இழந்தவர்கள் இழந்ததுதான் மிச்சம்.

கள்ளக் கணக்கை ஒழிக்க வழி உண்டு. ராஜஸ்தானில் 1994 முதல் உழைப்பாளி மக்களே அந்த வழியைக் காட்டினார்கள். மஸ்டர் ரோலை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். “இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார்” என்று படித்ததும், “நான் அந்த வேலைக்கே போகவில்லை”, “அவர் செத்து இத்தனை வருஷம் ஆயிற்று” என்று கூட்டத்திலிருந்து சாட்சி எழுந்தது. அதிகாரிகள் நடுங்கினார்கள். கணக்கு மக்கள் முன்னால் வந்தால் திருட்டு நிற்கும். கணக்கு பெட்டிக்குள்ளே போனால் திருட்டும் கூடவே உள்ளே போகும்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாது!”

அடுத்த சமாதானம் இது. மனிதன் பொய் சொல்வான், மெஷின் சொல்லாது என்கிறார்கள். பிரிட்டனில் நடந்ததைக் கேளுங்கள்.

அங்கே 1999 முதல் தபால் நிலையங்களில் ஹொரைசன் என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறையைப் புகுத்தினார்கள். பூஜித்ஸு கம்பெனி கொடுத்தது. கிளைத் தபால் நிலையங்களை நடத்தியவர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. “நாங்கள் ஒரு காசும் எடுக்கவில்லை” என்று அவர்கள் கதறினார்கள். அந்த நாட்டுக் கோர்ட்டுகளில் கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்தது என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். தவறு என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். பெட்டிக்குள் இருப்பதைப் பாராதவர் எப்படி நிரூபிப்பார்? 900-க்கு மேற்பட்டவர்களுக்குத் திருட்டுப் பட்டம் கட்டினார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். வீட்டை விற்றுக் கட்டினார்கள்.

20 வருஷம் போராடினார்கள். 2019 டிசம்பரில் அந்த முறையிலே கோளாறுகள் இருந்தன என்று கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 2024-இல் தண்டனைகளை ரத்து செய்யத் தனிச் சட்டமே போட்டார்கள். குறைந்தது 13 பேர் இந்தக் கொடுமையால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்று 2025 ஜூலையில் விசாரணை அறிக்கை சொன்னது. பொய் சொன்னது கம்ப்யூட்டர். அது பொய் சொல்லாது என்று சாதித்தவர்கள் மனிதர்கள். பெரிய சம்பளம் வாங்கிய மனிதர்கள்.

கம்ப்யூட்டர் நின்றுபோன அந்த நாள்

ஒரு நாள் கம்ப்யூட்டர் இல்லாமல் இருக்க முடியுமா என்று கேட்டார்கள் அல்லவா? அப்படி ஒரு நாள் உண்மையிலேயே வந்தது. 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி அனுப்பிய ஒரு கோளாறான திருத்தத்தால், உலகமெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோயின. விமான நிலையங்கள் திணறின. ஆஸ்பத்திரிகள் திணறின.

அன்று நம் நாட்டு விமான நிலையங்களில் என்ன நடந்தது? பல விமானங்களை ரத்து செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் கம்ப்யூட்டர் இல்லை என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. பேனாவை எடுத்தார்கள். பயணியின் பெயர், விமான எண், ஆசன எண் எல்லாவற்றையும் கையால் எழுதிச் சீட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டோடு மக்கள் விமானம் ஏறினார்கள். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினார்கள். வானம் இடிந்து விழவில்லை.

இப்போது நாம் கேட்கிறோம்: விமானப் பயணிக்குக் கையால் எழுதிய சீட்டு செல்லும் என்றால், மண் வெட்டிய பெண்ணுக்குக் கையால் எழுதிய வருகை ஏன் செல்லாது? ஆயிரக்கணக்கில் பணம் கட்டியவரிடம் “உங்கள் முகத்தை மெஷின் ஏற்கவில்லை, போய்விட்டு நாளை வாருங்கள்” என்று சொல்லத் துணியாதவர்கள், 20 கிலோ அரிசிக்கு வந்த கிழவியிடம் மட்டும் எப்படிச் சொல்லத் துணிகிறார்கள்? பேனாவும் காகிதமும் இவர்களிடம் இருக்கின்றன. யாருக்காக எடுப்பது என்பதில்தான் வர்க்க பேதம் இருக்கிறது.

நாம் மெஷினுக்கு எதிரிகளா?

“பார்த்தீர்களா, இவர்கள் விஞ்ஞானத்துக்கு விரோதிகள்” என்று உடனே கூச்சல் போடுவார்கள். அவர்களுக்கு ஒரு சரித்திரம் சொல்வோம்.

கம்ப்யூட்டர் நெசவாளி வீட்டில் பிறந்த பிள்ளை. பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார்டு, 1804-இல், துளை போட்ட அட்டைகளால் பூவேலைப்பாட்டை நெய்யும் தறியை உருவாக்கினார். காஞ்சிபுரத்தில் நம் நெசவாளர்கள் தறிமேல் மாட்டியிருக்கும் ஜக்கார்டுப் பெட்டியும் அட்டையும் அதே வம்சம்தான். அந்தத் துளை அட்டை யோசனையைத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தம் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆகவே தொழிலாளியைப் பார்த்து “உனக்கு இது புரியாது” என்று யாரும் சொல்ல வேண்டாம். எங்கள் தறியிலிருந்து எடுத்துக்கொண்டு போனதுதான் இது.

1811-12-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பக்கத்துத் தொழிலாளர்கள் பின்னல் சட்டங்களை உடைத்தார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சரித்திரப் புத்தகங்கள் எழுதின. அவர்கள் எல்லா மெஷினையும் உடைக்கவில்லை. கூலியைக் குறைத்து, மட்டச் சரக்கை விற்ற முதலாளிகளின் சட்டங்களைத் தேடி உடைத்தார்கள். 1812-இல் சட்டம் உடைத்தால் தூக்கு என்று நாடாளுமன்றம் விதித்தது. ஒரு மரச்சட்டத்துக்கு ஒரு மனித உயிர் விலை!

1960-களில் நம் நாட்டு ஆயுள் இன்சூரன்ஸ் ஊழியர்கள், ஆயிரக்கணக்கான பேர் வேலை போகுமே என்று, கல்கத்தாவின் இலாகோ ஹவுஸ் கட்டடத்துக்குள் கம்ப்யூட்டர் நுழையாதபடி இரவும் பகலும் காவல் நின்றார்கள். பிற்காலத்தில் கம்ப்யூட்டர் வந்தது. ஊழியர்களே அதை இயக்கினார்கள். காவல் நின்றது வீணா? இல்லை. மெஷின் வரும்போது முதலில் தொழிலாளியைக் கேள் என்ற பாடத்தை அந்தக் காவல் கற்றுக் கொடுத்தது.

கம்ப்யூட்டரால் நன்மை இல்லையா? உண்டு. ரயில் டிக்கெட்டுக்கு ராத்திரி முழுதும் வரிசையில் படுத்த காலம் போயிற்று. கூலி வீட்டுப் பிள்ளை பரீட்சை முடிவை ஊரிலிருந்தே பார்க்கிறது. நன்மையை நாம் ஏன் வேண்டாம் என்போம்? எஜமானன் கையில் இருந்தால் சாட்டை, நம் கையில் இருந்தால் கருவி. உடைக்கவும் வேண்டாம், ஒரு நாள் ஒதுக்கி வைத்து விரதம் இருக்கவும் வேண்டாம். கூலிக்கும் அரிசிக்கும் நடுவே அதை வாயிற்காவலனாக நிறுத்தாதே என்கிறோம்.

நம் கோரிக்கை

முதலாவது: கையால் எழுதிய பதிவேடு எல்லா வேலைத்தளத்திலும், எல்லா ரேஷன் கடையிலும், எல்லா ஆலையிலும் இருக்க வேண்டும். மெஷின் மறுத்தால் அந்தப் பதிவேடு செல்ல வேண்டும்.

இரண்டாவது: மெஷின் தவறினால் நஷ்டம் மெஷின் வைத்தவனுக்கு. தொழிலாளியின் கூலியில் ஒரு நாளும் பிடிக்கக் கூடாது. உழைக்கவில்லை என்பதை அவர்கள் நிரூபிக்கட்டும். உழைத்தேன் என்பதை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது: நம்மைப் பற்றிய கணக்கு எதுவானாலும் நமக்குக் காட்ட வேண்டும். ஆலைத் திரையில் ஓடுவது சங்கத்துக்கும் தெரிய வேண்டும். வேலைத்தளக் கணக்கை கிராம சபையில் தமிழில் உரக்கப் படிக்க வேண்டும்.

நான்காவது: யாரையும் வேலையை விட்டு நிறுத்துவதையும், யார் பெயரையும் பட்டியலிலிருந்து அடிப்பதையும் மெஷின் செய்யக் கூடாது. பெயர் சொல்லி, கையெழுத்துப் போட்டு, பதில் சொல்லக்கூடிய ஓர் அதிகாரி செய்ய வேண்டும்.

ஒன்றை மனதில் வையுங்கள். 2017 அக்டோபர் 24-ந் தேதி ஆதார் ஆணையமே ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆதார் இல்லை, கைரேகை விழவில்லை என்ற காரணத்துக்காக யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது. வேறு அடையாளத்தைப் பார்த்துப் பொருளைக் கொடுத்து, தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று அது சொல்கிறது. காகிதத்தில் இருக்கும் இந்த உரிமையைக் கடை வாசலுக்குக் கொண்டுவர வேண்டியவர்கள் நாம். அடுத்த முறை “விரல் விழவில்லை, நாளை வா” என்றால் திரும்பிப் போகாதீர்கள். “எழுதிக் கொடு” என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் விரட்டுவார்கள். பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள். சங்கத்தோடு போய்க் கேளுங்கள்.

உழைத்த கை பேனா பிடிக்கவும் தெரிந்த கை. கணக்குக் கேட்கவும் தெரிந்த கை!

விரலை ஏற்காவிட்டாலும் உழைப்பை ஏற்றுக்கொள்! கூலியைக் கொடு! அரிசியைக் கொடு!